டர்போ காரின் கம்ப்ரஷன் டெஸ்ட்: முள் நிற்கும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது

கார் நடுங்குகிறது, எண்ணெய் குடிக்கிறது, மேட்டில் இழுக்க மறுக்கிறது. பட்டறையில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கேஜை மாட்டி, ஸ்டார்ட்டரைச் சுற்றுகிறார்கள். ஓர் எண் வருகிறது. கூடவே "கம்ப்ரஷன் இல்லை சார், எஞ்சின் கட்ட வேண்டும்" என்ற தீர்ப்பும் வந்துவிடுகிறது. அந்த எண் எந்த நிலையில் எடுக்கப்பட்டது, மற்றச் சிலிண்டர்கள் என்ன காட்டின, முள் எப்படி ஏறியது என்பதை யாரும் சொல்வதில்லை. இந்த மூன்றும் தெரியாமல் எஞ்சினை இறக்கச் சம்மதிக்காதீர்கள். அதேபோல, எண் நன்றாக வந்தது என்பதற்காக டர்போ எஞ்சின் முழு நலத்தோடு இருக்கிறது என்றும் நம்பிவிடாதீர்கள்.

ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றும் வேகம் ஏறத்தாழ 200 முதல் 300 ஆர்.பி.எம். எரிந்து வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, காற்றை எஞ்சினுக்குள் அமுக்கித் தள்ளுவது டர்போ. அந்த வேகத்தில் அது வேலை செய்வதில்லை. சிலிண்டருக்குள் போவது வெறும் வெளிக்காற்று. ஆக, இந்தச் சோதனை டர்போவைப் பற்றி எதுவும் சொல்லாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், வால்வு, சிலிண்டர்களுக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் ஆகிய மூன்றும் சேர்ந்து காற்றை அடைத்து வைக்கின்றனவா என்பதை மட்டுமே சொல்லும். அதுவும் 10, 12 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்). முழு பூஸ்டில், அதாவது டர்போ முழு அழுத்தத்தில் காற்றைத் தள்ளி எரியும்போது, அதே சிலிண்டர் 100 பார் அளவுக்குத் தாங்க வேண்டியிருக்கிறது. கேஜ் பார்க்காத பகுதி மிகப் பெரியது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில்: டெஸ்ட் ஒழுங்காக எடுக்கப்பட்டதா?

எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட வேண்டும். அலுமினிய ஹெட்டில் கொதிக்கும் சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரையும் சேர்ந்து வந்துவிடும். பிளக் குழிகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே கழற்ற வேண்டும். இல்லையென்றால் குழியில் தேங்கிய மணல் சிலிண்டருக்குள் விழும்.

எல்லாப் பிளக்குகளையும் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தால் மற்றச் சிலிண்டர்கள் ஸ்டார்ட்டரை இழுத்துப் பிடிக்கும், வேகம் குறையும், எண்ணும் குறையும். ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இக்னிஷன் காயில்களின் இணைப்பையும் இன்ஜெக்டர் இணைப்பையும் பிரித்துவிடுங்கள். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சினில் இதை விட்டுவிட்டால், பீய்ச்சப்படும் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். அடுத்தடுத்து அளக்கும்போது எண் இறங்கிக்கொண்டே போகும்.

எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடான த்ராட்டில் முழுவதும் திறந்திருக்க வேண்டும். இன்றைய கார்களில் பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கேபிள் கிடையாது, மின் மோட்டார்தான் திறக்கிறது. பெடலை மிதித்ததாலேயே திறந்துவிட்டது என்று எண்ணாமல், காற்றுக் குழாயைக் கழற்றிக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் சார்ஜர் போட்டுக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் முள் ஆறு முறை துள்ளும் வரை சுற்றுங்கள். எழுத வேண்டியவை இரண்டு எண்கள்: முதல் துள்ளலில் முள் எங்கே போனது, கடைசியில் எங்கே நின்றது. பெரும்பாலான பட்டறைகளில் இரண்டாவதை மட்டுமே எழுதுகிறார்கள். நோயைக் காட்டிக்கொடுப்பதோ பல சமயம் முதல் எண்தான். கைப்பேசியை கேஜின் முன் வைத்துக் காணொளி எடுத்துவிட்டால் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

எவ்வளவு வந்தால் சரி?

பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள இடம், அது உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதே கம்ப்ரஷன் விகிதம். டர்போ எஞ்சின்களில் அதைக் குறைத்தே வைப்பார்கள். சுபாரு எஸ்.டி.ஐ. கார்களில் வந்த ஈ.ஜே.257 எஞ்சினுக்கு 8.2, டொயோட்டாவின் 2ஜே.இசட்-ஜி.டி.ஈ.க்கு 8.5. இத்தகைய எஞ்சின்கள் நலமாக இருக்கும்போது 140 முதல் 170 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) வரை காட்டும். டர்போ இல்லாத காரில் 190 பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது குறைவாகத் தெரிவதால், நல்ல எஞ்சினையே தேய்ந்ததாகச் சொல்லிவிடுவதுண்டு. நேரடி இன்ஜெக்ஷன் வந்த பிறகு விகிதம் மேலேறிவிட்டது. ஃபோக்ஸ்வாகனின் 1.0 டி.எஸ்.ஐ. எஞ்சினுக்கு 10.5. அங்கே எண்ணும் அதற்கேற்ப உயரும்.

விகிதத்தை வளிமண்டல அழுத்தமான 14.7 ஆல் பெருக்கி விடை காண முயல்பவர்கள் இருக்கிறார்கள். 8.5 விகிதத்துக்கு 125 என்று வரும். உண்மையில் கேஜ் அதற்கு மேலே காட்டும், ஏனென்றால் அமுக்கும்போது காற்று சூடாகி அழுத்தம் கூடுகிறது. இன்னொரு பக்கம், இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால் கொஞ்சம் காற்று திரும்பிப் போய்விடுகிறது. இரண்டும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். எனவே உங்கள் எஞ்சினுக்கான சர்வீஸ் கையேடு சொல்வதே கணக்கு. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பல பெட்ரோல் எஞ்சின்களுக்குத் தேய்மான எல்லை 7 பார், சிலிண்டர்களுக்கு இடையே அனுமதிக்கும் வேறுபாடு 3 பார். ஒரு பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. என்பதால், 3 பார் வேறுபாடு 43 பி.எஸ்.ஐ.க்கு மேல் வருகிறது. எனக்கு இது மிகத் தாராளமாகப் படுகிறது. எல்லைக்குள் இருக்கிறது என்பதால் எஞ்சின் ஓடும், அவ்வளவுதான். டர்போ காரில் உயர்ந்த எண்ணுக்கும் தாழ்ந்த எண்ணுக்கும் இடையே 15 சதவீதத்துக்கு மேல் போனால் காரணத்தைத் தேடத் தொடங்குவேன்.

இடத்தையும் பாருங்கள். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சென்னையில் உள்ளதில் முக்கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும். சென்னையில் 160 காட்டும் எஞ்சின் உதகையில் 122 அளவில்தான் காட்டும். மலையில் எடுத்த எண்ணைச் சமவெளிக் கையேட்டோடு ஒப்பிட்டு எஞ்சினைப் பிரித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அறிகுறி: எல்லாச் சிலிண்டரும் ஒரே அளவில் குறைவு

நான்கும் 115, 118, 116, 117 என்று வந்தால் என் முதல் சந்தேகம் எஞ்சின்மேல் விழாது. நான்கு சிலிண்டரும் ஒரே அளவில் ஒழுங்காகத் தேய்வது அரிது. மூடிய த்ராட்டில், சோர்ந்த பேட்டரி, குளிர்ந்த எஞ்சின், பெட்ரோலில் கழுவப்பட்ட சுவர் என்று வரிசையாகப் பாருங்கள். கேஜையும் சோதியுங்கள். குழாயின் பிளக் முனையிலேயே ஒருவழி வால்வு இருக்க வேண்டும். சில மலிவான கேஜ்களில் அது மீட்டர் பக்கம் இருக்கும். அப்போது குழாயின் உட்பகுதியும் எரிப்பறையோடு சேர்ந்துகொண்டு எண்ணைக் குறைக்கும். சிறிய சிலிண்டர்களில் இந்தக் குறைவு நன்றாகவே தெரியும். வேறொரு கேஜைக் கொண்டு மறுபடி எடுப்பது செலவில்லாத வேலை.

இதெல்லாம் சரியாக இருந்தும் எண் ஏறவில்லை என்றால் டைமிங்கை, அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைப் பாருங்கள். செயினோ பெல்ட்டோ ஒரு பல் தாண்டியிருந்தால் வால்வுகள் நேரம் தவறி மூடும், எல்லாச் சிலிண்டரும் சேர்ந்தே இறங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் செயின் பக்கம் சில நொடிகள் கடகடப்பு கேட்டால், ஸ்கேனரில் கேம் (வால்வுகளை இயக்கும் தண்டு), கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) நிலை பொருந்தவில்லை என்ற பிழைக் குறியீடும் இருந்தால், ரிங்கைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இல்லை.

அறிகுறி: ஒரு சிலிண்டர் மட்டும் குறைவு

இங்கேதான் முள்ளின் நடை முக்கியம். எடுத்துக்காட்டாக, மூன்று சிலிண்டர்கள் முதல் துள்ளலில் 85 போய் 155இல் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்காவது, முதல் துள்ளலில் 40, அடுத்து 65, 85, 100 என்று படிப்படியாக ஏறி 120இல் நிற்கிறது. காற்று கசிந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சேர்கிறது. இது ரிங் அல்லது பிஸ்டன் பக்கக் கசிவின் நடை. மாறாக, முதல் துள்ளலிலேயே 50 போய், பிறகு 60ஐத் தாண்ட மறுத்து அங்கேயே ஆடிக்கொண்டிருந்தால், சந்தேகம் வால்வுமேல் திரும்ப வேண்டும்.

உறுதிப்படுத்த, பிளக் துளை வழியாகக் கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளப்பது வழக்கம். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்பது பழைய பாடம். சிறிய டர்போ எஞ்சின்களில் இந்தப் பாடம் காலை வாரிவிடும். 999 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் 333 சி.சி. விகிதம் 10.5 என்றால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் வெறும் 35 சி.சி. அதில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி எண்ணெய் விட்டால் இடம் 30 ஆகிவிடும், விகிதம் 12ஐத் தாண்டும். ரிங் நன்றாக இருந்தாலும் எண் ஏறத்தான் செய்யும். ஆகவே 2, 3 மில்லிக்கு மேல் விடாதீர்கள். நல்ல சிலிண்டர் ஒன்றிலும் அதே அளவு விட்டு அளந்து, எதில் எவ்வளவு கூடுதலாக ஏறியது என்று ஒப்பிடுங்கள். சுபாரு போன்ற படுக்கைச் சிலிண்டர் எஞ்சின்களில் எண்ணெய் சுவரின் அடிப்பக்கத்தில் மட்டும் தேங்கும், ரிங் முழுவதையும் சுற்றாது. அங்கே இந்தச் சோதனைக்குப் பெரிய மதிப்பில்லை.

நம்பத்தக்க அடுத்த படி லீக்டவுன் டெஸ்ட். பிஸ்டனை எரியும் சுற்றின் உச்சியில் நிறுத்தி, கம்ப்ரஸரிலிருந்து 100 பி.எஸ்.ஐ. காற்றைப் பிளக் துளை வழியாகச் செலுத்தி, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. 10 வரை கவலையில்லை, 20 தேய்மானம், 30க்கு மேல் போனால் எங்கோ கதவு திறந்திருக்கிறது. அழுத்தத்தில் கிராங்க் சட்டென்று சுழலக்கூடும். அதைத் திருப்பிய ஸ்பேனரை அப்படியே விட்டுவைக்காதீர்கள், ஃபேன் பெல்ட் பக்கமிருந்து கையையும் எடுத்துவிடுங்கள்.

பிறகு காதுக்கு வேலை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் எந்த எஞ்சினிலும் மெல்லிய சீறல் கேட்கும், அது இயல்பு. கன்னத்தில் காற்று அடிப்பது தெரிந்தால் ரிங் அல்லது பிஸ்டன். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். டர்போ காரில் சைலன்சர் முனையில் காதை வைத்துப் பயனில்லை. டர்பைனும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சத்தத்தை விழுங்கிவிடும். டர்போவுக்கு அருகே இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் கேளுங்கள். அதேபோல் இன்டேக் பக்கத்தைக் காற்று வடிகட்டியில் கேட்காமல், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைப் பிரித்து த்ராட்டில் வாயில் கேளுங்கள்.

கசிவு வால்வில் என்று தெரிந்தாலும் ஹெட்டைக் கழற்றும் முன் வால்வு இடைவெளியை அளக்க முடிகிற எஞ்சினில் அளந்துவிடுங்கள். இடைவெளி இறுகிப்போய் எக்ஸாஸ்ட் வால்வு முழுவதும் உட்காராமல் இருப்பதுண்டு. நேரடி இன்ஜெக்ஷனில் இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதில்லை. அங்கே படியும் கரி உதிர்ந்து வால்வுக்கும் இருக்கைக்கும் நடுவே சிக்கிக்கொண்டாலும் எண் குறையும். போரோஸ்கோப் கேமராவை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கசிவு கீழே, ரிங் பக்கம் என்றால், டர்போ பெட்ரோலில் அடிக்கடி அகப்படும் ஆள் ரிங் லேண்ட். முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் இடையே பிஸ்டனில் மிஞ்சும் மெல்லிய விளிம்பு அது. எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும்போது அந்த விளிம்பு விரிந்து உடையும். சுபாருவின் 2.5 லிட்டர் டர்போ எஞ்சின்கள் இதற்குப் பேர்போனவை. சிறிய நேரடி இன்ஜெக்ஷன் டர்போக்களில் குறைந்த வேகத்தில், அதிகச் சுமையில், பிளக் பொறி விழும் முன்பே பற்றிக்கொள்ளும் கோளாறு ஒன்று உண்டு. அதைத் தடுக்கவே 2018இல், எண்ணெய்த் தரங்களை வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏ.பி.ஐ.யின் எஸ்.என். பிளஸ் எண்ணெய்த் தரமும் 2020இல் எஸ்.பி. தரமும் வந்தன. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கியரைக் குறைக்கச் சோம்பல்பட்டு, 1,500 ஆர்.பி.எம்.மில் பெடலைத் தரையோடு அமுக்கி ஏற்றுபவர்கள் பிஸ்டனை இந்தச் சோதனைக்குத்தான் உட்படுத்துகிறார்கள்.

ரிங் லேண்ட் உடைந்த சிலிண்டரின் கடைசி எண் சில சமயம் ஏமாற்றும். உடைந்த துண்டு இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் 130, 135 வரைகூடக் காட்டும். ஐடிலில் எண்ணெய் மூடியைத் திறந்தால் ஒரே தாளத்தில் புக், புக் என்று புகை வெளியேறுவது, பூஸ்டில் ஓட்டி வந்த பின் டிப்ஸ்டிக் மேலே தள்ளப்பட்டிருப்பது, அந்த ஒரு பிளக் மட்டும் எண்ணெய் படிந்திருப்பது ஆகியவற்றை எண்ணோடு சேர்த்துப் பாருங்கள்.

அறிகுறி: அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் குறைவு

150, 90, 92, 148. நடுவில் இரண்டும் ஒரே அளவில் விழுந்திருந்தால், அவற்றுக்கு இடையே ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. லீக்டவுன் காற்றை ஒன்றில் செலுத்தினால் பக்கத்துப் பிளக் துளையில் சீறும். கூலன்ட் குறையாமலும் எண்ணெயில் பால் நிறம் வராமலும் இது நடக்கும் என்பதால், அவற்றைப் பார்த்து விலக்கிவிடாதீர்கள். பூஸ்டைக் கூட்ட, எஞ்சினை இயக்கும் கணினியான இ.சி.யு.வின் அமைப்பை மாற்றிய (ரீமேப்) கார்களில் இதை முதலில் எதிர்பாருங்கள். ஹெட் சமமாக இருக்கிறதா என்று லேத் பட்டறையில் பார்க்காமல் புதிய கேஸ்கெட்டைப் போடுவது வீண்.

அறிகுறி: பூஜ்யம்

முதலில் அடாப்டர் மரையில் முழுவதும் ஏறியதா, அதன் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அதே கேஜ் மற்றச் சிலிண்டரில் எண் காட்டினால், வால்வு வளைந்திருக்கலாம், எரிந்திருக்கலாம், ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், அல்லது பிஸ்டனில் ஓட்டை. கேமராவை விட்டால் ஐந்து நிமிட வேலை. எல்லாச் சிலிண்டரிலும் பூஜ்யம் என்றால் டைமிங் பெல்ட் அறுந்ததா என்று பாருங்கள், அதுவரை ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்.

அறிகுறி: எண் கையேட்டைவிட அதிகம்

மகிழ்ச்சிக்குரிய செய்தி இல்லை. பிஸ்டன் தலையில் கரி ஏறியிருக்கிறது, அல்லது சிலிண்டருக்குள் எண்ணெயோ கூலன்டோ இறங்கி இடத்தை அடைத்திருக்கிறது. ஒரு பிஸ்டன் மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தால் அங்கே கூலன்ட் போகிறது. கரி படிந்த டர்போ எஞ்சின் எளிதில் வெடியோசை தரும், நாளடைவில் ரிங் லேண்டில் போய் முடியும்.

அறிகுறி: எண் நன்றாக இருக்கிறது, ஆனால் எண்ணெய் குறைகிறது, புகை வருகிறது

அதிகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். கம்ப்ரஷனைத் தாங்குவது மேலே உள்ள இரண்டு ரிங்குகள். எண்ணெயை வழித்து இறக்குவது மூன்றாவதான ஆயில் ரிங். அது கரியில் ஒட்டிக்கொண்டால் எண்ணெய் மேலே ஏறி எரியும். கேஜோ ஒன்றுமே நடக்காததுபோல் 165 காட்டும். ஆடி, ஃபோக்ஸ்வாகன் கார்களில் வந்த இரண்டாம் தலைமுறை 2.0 டி.எஃப்.எஸ்.ஐ. எஞ்சின்கள் எண்ணெய் குடித்ததற்கு ஆயில் ரிங்கும் பிஸ்டனின் எண்ணெய் வடிகால் துளைகளும்தான் காரணமாக இருந்தன. கம்ப்ரஷன் எண்ணை வைத்து "ரிங் நன்றாக இருக்கிறது" என்று சொல்வது பாதி உண்மை.

மறுபாதிக் குழப்பம் டர்போவைச் சுற்றியது. டர்போவின் பேரிங்குக்குப் போகும் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போகிறது, வெளியே வருவதோ தன் எடையால் மட்டுமே. கீழே எண்ணெய்த் தொட்டியில், ரிங்கைத் தாண்டி இறங்கும் கசிவுக்காற்றின் அழுத்தம் கூடிவிட்டால் அந்த எண்ணெய் இறங்க வழியில்லாமல் டர்போவில் தேங்கி, இரு பக்கச் சீல்கள் வழியாகவும் பிதுங்கும். இன்டர்கூலரில் எண்ணெய், சைலன்சரில் நீலப் புகை. பார்ப்பவர்கள் டர்போ போய்விட்டது என்பார்கள். புதிய டர்போ போட்டாலும் சில வாரங்களில் அதே புகை வரும், "டர்போ டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு சண்டை நடக்கும். டர்போவை மாற்றும் முன் அதன் எண்ணெய் திரும்பும் குழாய் அடைத்திருக்கிறதா, அந்தக் கசிவுக்காற்றை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு வேலை செய்கிறதா, எண்ணெய் மூடியில் அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். பி.சி.வி. சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியக்கூடியது. டர்போ அப்படியில்லை.

புகை வரும் நேரமும் துப்பு தரும். இரவு நின்ற கார் காலையில் ஒரு முறை புகைத்துவிட்டு நின்றால் வால்வு சீல். நீண்ட நேரம் ஐடிலில் நின்று புறப்படும்போது புகைத்தால் டர்போ பக்கம் பாருங்கள். இறக்கத்தில் பெடலை விட்டு இறங்கிவிட்டு மீண்டும் மிதிக்கும்போது கொத்தாக வந்தால் ஆயில் ரிங் அல்லது வால்வு கைடு.

அறிகுறி: எண் நன்றாக இருக்கிறது, இழுவை இல்லை

எஞ்சினை விட்டுவிடுங்கள். இன்டர்கூலர் குழாய்களின் கிளிப், வேஸ்ட்கேட் (பூஸ்ட் மிகாதபடி புகையைத் திருப்பிவிடும் கதவு), டைவர்ட்டர் வால்வு (பெடலை விடும்போது மிஞ்சும் பூஸ்டைத் திருப்பிவிடுவது), அடைபட்ட கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று பாருங்கள். குழாய்க்குள் புகை செலுத்தி அழுத்தம் கொடுத்தால் கசியும் இடம் தானே காட்டிக்கொடுக்கும். பூஸ்ட் ஏறும்போது மட்டும் விட்டு விட்டு இழுத்தால் பிளக் இடைவெளியைப் பாருங்கள். அடர்ந்த காற்றில் பொறி தாண்டுவது கடினம் என்பதால் டர்போ எஞ்சின்களில் அந்த இடைவெளி பல சமயம் 0.7, 0.8 மில்லிமீட்டர்தான். அது 1.1 ஆகியிருந்தால் எந்தக் கம்ப்ரஷனும் காப்பாற்றாது.

டீசல் டர்போ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: மேலே சொன்ன எண்கள் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. டீசலில் 25 முதல் 30 பார் வரை வரும். 300 பி.எஸ்.ஐ. வரை மட்டுமே காட்டும் பெட்ரோல் கேஜை அதில் மாட்டினால் முதல் சுற்றிலேயே கேஜ் போய்விடும். குளோ பிளக் துளைக்கான அடாப்டரோடு வரும் டீசல் கேஜைக் கேட்டு வாங்குங்கள்.